ஆர்லிஸ் ரூர்டாவின் தனித்தாள்

2023 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் மழையாகத் தொடங்கியது பத்து மணிக்குள் பனிக்கட்டித் துணுக்குகளாக மாறி, நூலகத்தின் மேற்குச் சன்னல்களில் யாரோ அரிசியை அள்ளி அள்ளி வீசுவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. காற்று வடமேற்கிலிருந்து வீசியது. சாலைகளில் வழுக்கல் இருந்தது.

வெஸ்டர்வெல்ட் நூலகத்தின் பின்னறையில், செவ்வாயும் சனியும், ஊரார்க்கு வருமான வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்கள் நால்வர். அன்று மற்ற மூவரும் வரவில்லை. ஓய்வுபெற்ற மொழியாசிரியனான நான் மட்டும் இருந்தேன். பிற்பகல் மூன்றரை மணிக்கு, அஞ்சல் துறையின் நீல மேலங்கியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, ஆர்லிஸ் ரூர்டா உள்ளே வந்தார். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

அந்த அறையில் பேசப்படுவது அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. ஆர்லிஸும் அவருடைய கணவர் டெல்வினும் எழுதலாம் என்று தாமாகவே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஆர்லிஸுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. இருபத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் பகுதியின் கிராமப்புற அஞ்சல் வழியை ஓட்டி வந்தார். தொண்ணூற்று நான்கு மைல், சாலையோரத்தில் வீட்டுக்கொன்றாக முந்நூற்றுப் பதினொரு அஞ்சல் பெட்டிகள். ஸ்டியரிங் இடப்புறம் உள்ள தம் சொந்தக் காரின் வலப்புற இருக்கையில் அமர்ந்து, இடக்காலை நீட்டி மிதித்து, இடக்கையால் திருப்பி, வலக்கையால் சன்னல் வழியே பெட்டியில் கடிதம் இடுவார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஓட்டுநரே இல்லாத கார் வருவதுபோல் தோன்றும். வரித் துறையின், முகவரி தெரியச் சன்னலிட்ட உறை எவர் வீட்டுக்கேனும் வந்தால், விதை நிறுவனத்தின் தடித்த பட்டியலுக்கு அடியில் அதைச் செருகிவைப்பார். அண்டை வீட்டார் கண்ணில் படக் கூடாதென்று அப்படிச் செய்தார் என்பதை, என் பெட்டியிலும் ஒருமுறை அவ்வாறு செருகியிருந்ததால் அறிவேன். தம் வீட்டுக்கு வரும் கடிதத்தையும் அவர் வழியில் பிரிக்க மாட்டார். தம் பெட்டியில் இட்டுவிட்டு, பணி முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பின்னரே, மற்றவர்களைப் போல நடந்துபோய் எடுப்பார்.

"மிஸ்டர் வீன்ஸ்ட்ரா, இதை நிரப்ப வேண்டாம். படிச்சு மட்டும் சொல்லுங்க," என்றார்.

அது கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து எழுதப்பட்ட கூட்டுப் படிவம். எழுத்து டெல்வினுடையது, ஒவ்வோர் எண்ணையும் கட்டத்திற்குள் அழுத்தி எழுதியிருந்தார். கீழே அவர் கையெழுத்து இருந்தது. அதற்கடுத்த, மனைவி கையெழுத்திட வேண்டிய வரி வெறுமையாக இருந்தது.

டெல்வின் அறுபத்தேழு வயதுக்காரர். தீவன ஆலையிலிருந்து ஓய்வுபெற்று, பருவகாலத்தில் மட்டும் அங்கே வாரத்திற்கு மூன்று நாள் வேலை செய்துவந்தார். மற்ற நாள்களில், பன்றிகளை ஏற்றி அனுப்பியபின் காலியாகும் கொட்டகைகளை உயரழுத்த நீர்க்குழாயால் கழுவிக் கொடுப்பார். அந்த வேலையின் வாடை, எத்தனை முறை குளித்தாலும் போகாது.

திருமணமான ஆண்டிலிருந்து வரிப் படிவத்தை டெல்வினே எழுதினார். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சமையலறை மேசையில், தாளைக் கையெழுத்து வரி மட்டும் தெரியும்படி மடித்து, பேனாவை அதன்மேல் வைத்துவிடுவார். மறைப்பதற்காக அல்ல; மனைவிக்கு எண்களால் தொல்லை வேண்டாம் என்ற மரியாதைக்காக. ஆர்லிஸ் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கும் இடைவெளியில் கையெழுத்திட்டுவிடுவார். முப்பத்தாறு ஆண்டுகள் இப்படியே நடந்தன.

"இந்த வருஷம் ஏன் மடிப்பைப் பிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஜனவரியில வந்த ஒரு கடுதாசிதான் காரணம்," என்று தொடங்கினார்.

ஒவ்வோர் ஆண்டும் சனவரியில், குடும்பம் ஒவ்வொன்றும் கடந்த ஆண்டு எவ்வளவு காணிக்கை தந்தது என்று எங்கள் தேவாலயத்தின் பொருளாளர் கடிதம் அனுப்புவார். ரூர்டா குடும்பத்தின் காணிக்கை உறை வாரம் அறுபது டாலர். ஆண்டுக்கு மூவாயிரத்து நூற்று இருபது. கடிதத்திலோ பதினோராயிரத்து நானூறு என்றிருந்தது.

"டெல், சர்ச்சுல தப்பாக் கூட்டியிருக்காங்க," என்று ஆர்லிஸ் கடிதத்தை நீட்டியிருக்கிறார்.

டெல்வின் அதைப் பார்த்தார். காதுகள் சிவந்தன. "தப்பில்ல. சரிதான்."

"எட்டாயிரத்துக்கு மேல எங்கேருந்து வந்துச்சு? பேங்க்ல கொள்ளையடிச்சியா?"

"போன வருஷம் ஆரம்பிச்சேனே, கொட்டகை கழுவுற வேலை, அந்தக் காசு. வாங்குனதும் கவர்ல போட்டுடுவேன். சர்ச் கூரை நிதிக்கு. உன்கிட்ட சொன்னா பெருமையடிச்ச மாதிரி ஆயிடும்னு சொல்லல."

இதைச் சொல்லும்போது ஆர்லிஸ் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னைக்கு மனுஷனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன், மிஸ்டர் வீன்ஸ்ட்ரா. பொய் சொல்லல. பெருமையாத்தான் இருந்துச்சு."

மார்ச் மாதம் மடித்த தாள் மேசைக்கு வந்தபோது, அந்தப் பெருமையோடுதான் அதைப் பிரித்திருக்கிறார். கணவரின் உழைப்பு எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை.

"என்ன தேடுற?" என்றார் டெல்வின்.

"எட்டாயிரத்து இருநூத்தி எண்பதைத் தேடுறேன்."

"அது எப்படி இதுல இருக்கும்? அது நம்ம காசு இல்லையே."

"கொட்டகையைக் கழுவுனது யாரு?"

"நான்தான்."

"கூலி யாரு கையில குடுத்தாங்க?"

"என் கையிலதான். ஆனா என் கையில தங்கலையே, ஆர்லிஸ்! பாக்கெட்டுக்குள்ளகூடப் போகல. வண்டியில உக்காந்ததும் நேரா கவருக்குள்ள. அதுல ஒரு காபிகூட நான் குடிச்சதில்ல."

"தங்குன காசு எவ்வளவுன்னு இந்தத் தாள் கேக்கல, டெல். வந்த காசு எவ்வளவுன்னு கேக்குது."

"கடவுளுக்குப் போனதுக்கு வாஷிங்டன்காரன்கிட்ட கணக்குச் சொல்லணுமா? நான் எழுத மாட்டேன்."

ஆர்லிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைய ரொட்டி கருகிப்போனது என்றும் சொன்னார்.

இத்தகைய பிழையை எங்கள் ஊரார் தவிர வேறெவரும் செய்வார்களா என்பது ஐயமே. வருமானத்தை மறைப்பவன் அதைத் தனக்காக மறைப்பான்; அவனிடம் புதிய படகோ வண்டியோ இருக்கும். டெல்வினிடம் பழைய நீர்க்குழாயும் ஒழுகாத கூரையைப் பற்றிய கனவும் மட்டுமே இருந்தன. அவர் எவரையும் ஏமாற்றுவதாக எண்ணவில்லை. ஆயினும் தாளில் இருந்த எண் பொய்யான எண்.

படிவத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே உள்ள சிறிய எழுத்துகளின்மீது ஆர்லிஸ் விரலை வைத்தார். "இங்க பாருங்க. 'இதை ஆராய்ந்து பார்த்தேன்'னு போட்டிருக்கு. தப்பா இருந்தா தண்டனைன்னும் போட்டிருக்கு. வேலைக்குச் சேரும்போது சத்தியம் பண்ணினவ நான். முப்பத்தாறு வருஷமா பாக்காமலே 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த வருஷம் பார்த்துட்டேன். இப்போ என்ன பண்றது?"

நான் முறைப்படி விளக்கினேன். கூட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டால் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் இருவரும் பொறுப்பு. பின்னாளில் வரித் துறை கேட்டால், முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம். அந்த வருமானத்தைச் சேர்த்துக் கூட்டாக எழுதுவதே நேர்வழி. அதற்குக் கணவர் இசையாவிட்டால், அவரவர் தம் வருமானத்தைத் தனித்தாளில் எழுதலாம். அப்படிச் செய்தால் அவரவர் தம் எண்களுக்கு மட்டுமே பொறுப்பு. ஆனால் வரி கூடும்.

"எவ்வளவு கூடும்?"

கணக்கிட்டேன். "ஏறத்தாழ அறுநூத்தி நாப்பது டாலர்."

"ஒரு செட் டயர்," என்றார். அவருடைய வழியில் டயர்கள் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. கடைசி நாள் ஏப்ரல் பதினெட்டு. கூட்டாப் போட்டுட்டு அந்த நாள் தாண்டிட்டா, அப்புறம் பிரிக்க முடியாது. ஆனா தனித்தனியாப் போட்டா, மூணு வருஷத்துக்குள்ள எப்ப வேணா திருத்திச் சேத்துக்கலாம்."

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன்.

"சேந்தா பிரிய முடியாது; பிரிஞ்சா சேரலாம். நம்ம பாஸ்டரே உக்காந்து எழுதுன சட்டம் மாதிரி இருக்கே!" என்று சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. சன்னலில் பனித்துணுக்குகள் விழுந்தவாறிருந்தன. "அப்போ மூணு வருஷம் கதவு தொறந்திருக்கும்."

"ஆமாம்."

"தனியாப் போடுறேன்."

கணினி வழியே அனுப்புவோமா என்று கேட்டேன். முந்நூற்றுப் பதினொரு பெட்டிகளுக்குக் கடிதம் சுமப்பவரிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. வெற்றுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். 'மணமானவர், தனித்தாக்கல்' என்ற கட்டத்தில் குறியிட்டார். அதனருகே உள்ள கோட்டைக் காட்டினேன்.

"இங்க துணையோட பேரை எழுதணும்."

"தனியாப் போட்டாலுமா?"

"தனியாப் போட்டாலும்."

அவர் தாளைத் தம் பக்கம் நேராக்கி வைத்தார். பிறகு, முகவரி எழுதுவதுபோல் நேரான சிற்றெழுத்துகளில், 'டெல்வின் ஜே. ரூர்டா' என்று எழுதினார்.

வீட்டில் நடந்ததை இருவருமே பின்னாளில் தனித்தனியே சொன்னார்கள், இரண்டும் பொருந்தின.

"முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டில், ஒரே தாள்," என்று டெல்வின் கத்தினாராம். "இப்போ உனக்குத் தனித்தாள் கேக்குதா?"

"கட்டில் அங்கேயேதான் இருக்கு, டெல். யாரும் நகத்தல."

"ஊருக்குத் தெரிஞ்சா?"

"வீன்ஸ்ட்ராவுக்கு மட்டும்தான் தெரியும். மனுஷன் கமாவுக்குப் பக்கத்துல கமா இருந்தாத்தான் வாயத் தொறப்பாரு."

ஊருக்குத் தெரியவில்லை. ஆனால் தேவாலயத்தில் அவர்களுக்குப் பின்வரிசை என்னுடையது. எங்களவர் வழக்கப்படி, பிரசங்கம் தொடங்கியதும் டெல்வின் சட்டைப்பையிலிருந்து இரண்டு பெப்பர்மின்ட் எடுத்து, ஒன்றை மனைவியின் உள்ளங்கையில் வைப்பார். அந்த ஞாயிறு முதல், மனைவியின் பங்கை இருவருக்கும் இடையில் இருந்த பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தார். ஆர்லிஸ் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் பதினைந்தாம் நாள், சனிக்கிழமை, டெல்வினே நூலகத்திற்கு வந்தார். கதவைத் திறக்கும் முன்பே, வருபவர் யாரென்று அறை முழுவதும் தெரிந்துவிட்டது.

"வாத்தியாரே, என் குடும்பத்தை ரெண்டாப் பிரிச்சவர் நீங்கதானா?"

"சட்டம் என்னன்னு சொன்னேன், டெல்வின். உக்காருங்க."

"உக்காந்தா நாற்காலி நாறும். பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே அமர்ந்தார். "காணிக்கை எண்ணுற டீக்கன்மாரு என்ன சொல்றாங்க தெரியுமா? 'டெல்வின் கவரைக் கண்ண மூடிக்கிட்டே கண்டுபிடிச்சுடுவோம்'ங்கிறாங்க. அந்தக் காசுக்கு நான் வரி கட்டணுமாம்!"

"காணிக்கை குடுத்தது உங்க விருப்பம். அது மொதல்ல உங்களோடதா இருந்தாத்தானே நீங்க குடுக்க முடியும்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். தம் தாளை நானே நிரப்ப வேண்டும் என்றார். கொட்டகைப் பணம் இல்லாமல் நிரப்ப எனக்கு அனுமதி இல்லை என்றேன். அப்படியானால் தாமே எழுதிக்கொள்வதாகச் சொல்லி எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் தனித்தாள்ல, தேவாலயத்துக்குக் குடுத்த பதினோராயிரத்து நானூறையும் ஒரு வரியில எழுதலாமா? எனக்கு லாபம் வேண்டாம். எழுதி இருக்கணும், அவ்வளவுதான்."

"எழுதலாம். அது வருமானத்துலேருந்து கழிக்கிற கழிவு. ஆனா நீங்க அப்படிக் கழிவுகளை வரிசையா எழுதுனா, உங்க மனைவியும் அப்படித்தான் எழுதணும். எல்லாருக்கும் பொதுவாக் குடுக்குற கழிவு அவங்களுக்குக் கிடைக்காது. அவங்க தாள்ல எழுத வேற கழிவு பெரிசா ஒண்ணும் இல்ல."

"ஆர்லிஸுக்கு எவ்வளவு அடி?"

"ரெண்டாயிரத்துக்கு மேல."

தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "அப்போ வேண்டாம், விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வாண்டு அவர் தம் தாளில் கொட்டகைப் பணத்தை எழுதவில்லை. இதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 2024-ஆம் ஆண்டு வசந்தத்திலும் இருவரும் தனித்தனியே அனுப்பினர். ஆர்லிஸ் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வாதாடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அஞ்சல் வழியில் என்னைக் கண்டால் வானிலை பற்றிப் பேசுவார். ஒன்று மட்டும் செய்தார். ஒவ்வோர் ஆண்டும் தம் படிவத்தை எழுதி முடித்தபின், அதை மடிக்காமல், முதற்பக்கம் மேலே தெரியும்படி, சமையலறை மேசையில் ஒரு வாரம் வைத்திருந்தார். அதன்மேல் உப்புக் குப்பி மட்டும் இருந்தது. எவரும் படிக்கலாம். அந்த வீட்டில் படிக்க இருந்தவர் ஒருவர்தான்.

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. டெல்வின் மீண்டும் நூலகத்திற்கு வந்தார். இம்முறை குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அணிந்து வந்தார். காபிக் குவளையைக் கையில் தந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து, விதை நிறுவனத்தார் உழவர்களுக்கு இலவசமாகத் தரும் கையடக்கக் குறிப்பேடுகள் மூன்றை எடுத்து மேசையில் அடுக்கினார். ஆண்டுக்கொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் நாள், பண்ணைக்காரர் பெயர், கொட்டகை எண்ணிக்கை, தொகை.

"இதெல்லாம் அப்பப்ப எழுதுனதா?" என்று வியந்து கேட்டேன்.

"எழுதாம இருப்பேனா? அடுத்த தடவை எவ்வளவு கேக்கணும்னு தெரிய வேண்டாமா? நான் மறதிக்காரன், வாத்தியாரே; திருடன் இல்ல."

"இப்போ ஏன் மனசு மாறிச்சு?"

அவர் காபியைக் குடித்து முடித்தார்.

"போன வாரம் அவளோட இந்த வருஷத் தாளு, இன்னும் அனுப்பாதது, மேசையில இருந்துச்சு. ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே திரும்பாம சாப்பிட்டேன். அன்னைக்கு உப்பு வேணும்னு குப்பியை எடுத்தேன். அடியில என் பேரு."

"சட்டப்படி எழுதித்தான் ஆகணும்," என்றேன்.

"தெரியும். என் தாள்லயும் அவ பேரை எழுதியிருக்கேனே! நான் எழுதும்போது கோவத்துல கிறுக்கியிருந்தேன். ஆர்லிஸா வேற யாராவதான்னுகூடத் தெரியாது. அவ என் பேரை நிதானமா எழுதியிருக்கா. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுன மாதிரி, ஜே-க்குப் பக்கத்துல புள்ளிகூட வச்சு. அந்தப் பக்கத்துல ஒரு எண்ணைக்கூட மறைக்கல. நான் முப்பத்தாறு வருஷம் மடிச்சு மடிச்சுக் குடுத்தேன்." குவளையைத் தள்ளி வைத்தார். "மூணு வருஷக் கதவுன்னு சொன்னீங்களாமே. இன்னும் தொறந்திருக்கா?"

"அடுத்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் தொறந்திருக்கும்."

"அப்போ எல்லாத்தையும் எழுதுங்க. மொத்தமாச் சேத்து."

எழுத ஐந்து மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குத் திருத்தப் படிவம், அவ்வாண்டுக்குப் புதிய கூட்டுப் படிவம். வட்டியும் அபராதமும் சேர்ந்து நாலாயிரத்து இருநூறு டாலருக்குச் சற்று மேல் கட்ட வேண்டியிருந்தது. தொகையைச் சொன்னபோது டெல்வின் முகவாயைத் தடவினார்.

"இந்த வருஷக் கொட்டகைக் காசு முழுக்க இதுக்கே போயிடும்."

"கூரை?"

"ஒழுகுனா வாளி வைப்போம். என்கிட்ட பதினாறு வாளி இருக்கு."

அவர் மூன்று படிவங்களிலும் கையெழுத்திட்டார். அதற்கடுத்த வரி மூன்றிலும் வெறுமையாக இருந்தது. அது இல்லாவிட்டால் மூன்றும் செல்லாத தாள்கள். மனைவி கையெழுத்திட மறுத்தால் என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் பணி முடிந்ததும் இங்கே வரும்படி அவரிடம் சொல்லிவைத்திருந்ததால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றரை மணிக்கு, வெளியே ஒரு காரின் வலப்புறக் கதவு சாத்தப்படும் ஒலி கேட்டது.

ஆர்லிஸ் உள்ளே வந்தார். கணவரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த குறிப்பேடுகளைப் பார்த்தார்.

"யாரு செத்துப்போனா?"

"யாரும் சாகல. உக்காரு," என்றார் டெல்வின்.

பக்கங்கள் முழுவதும் தெரியும்படி படிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் மேசையில் பரப்பினார். பழக்கத்தால் கை ஒருமுறை தாளின் விளிம்பை மடிக்கப் போயிற்று, நின்றுவிட்டது. பேனாவைத் தாளின்மேல் வைக்காமல், மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு. ஒரு கொட்டகைகூட விடல. கையெழுத்துப் போடுவியா, ஆர்லிஸ்?"

ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மேலங்கிப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து அணிந்துகொண்டார்.

"படிச்சுட்டுச் சொல்றேன்."